கம்பின் மறுமுனையில் ஒரு பையன்: மலாவி நாட்குறிப்பு

முதல் நாள், வியாழன். பிளான்டயர்

பெட்டி அடுக்கும்போது மகள் ஸ்வெட்டரை எடுத்து வெளியே போட்டாள். "ஆப்பிரிக்காவுக்குப் போறீங்க, இது எதுக்கும்மா?" என்றாள். அதை மறுபடி உள்ளே வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அடிஸ் அபாபாவில் விமானம் மாறி பிளான்டயரில் இறங்கி வெளியே வந்தால், காற்று ஊட்டிக் காற்றாக இருக்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் மலாவிக்கு ஜூலை குளிர்காலம். நாங்கள் போகப்போகிற முலாஞ்சே மலைப் பக்கம் இன்னும் குளிருமாம். சாரலும் மூட்டமுமாக நாள்கணக்கில் விடாமல் நிற்குமாம். அந்தச் சாரலுக்குச் சிப்பெரோனி என்று பெயர். மொசாம்பிக் எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு மலையின் பெயரையே மழைக்கும் வைத்திருக்கிறார்கள். அழைக்க வந்த ஓட்டுநர் அண்ணன்தான் இதையெல்லாம் சொன்னார்.

நாங்கள் எட்டுப் பேர். கண் டாக்டர்கள் இரண்டு பேர், என்னோடு சேர்த்து நர்சுகள் மூன்று பேர், கண்ணாடி அளவு பார்க்கும் தம்பி ஒருவர், ஒரு போதகர், வரவு செலவு பார்க்க ஓர் அண்ணன். குமரி மாவட்டத்துச் சபைகள் சிலவற்றில் ஒரு வருடமாகச் சேர்த்த காணிக்கையில் வந்திருக்கிறோம். பலோம்பே மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கண்புரை அறுவை முகாம். நான் கண் வார்டில் 22 வருடமாக இருக்கிறேன், நாட்டை விட்டு வெளியே வந்தது இதுவே முதல் தடவை.

மாலையில் புனித மிக்கேல் ஆலயத்துக்குக் கூட்டிப்போனார்கள். செங்கல் கோபுரமும் வளைவுகளுமாக அவ்வளவு அழகு. 1888க்கும் 1891க்கும் இடையில் கட்டியது. கட்டடக்கலை படிக்காத டேவிட் கிளெமென்ட் ஸ்காட் என்ற மிஷனரி, இந்த ஊர் ஆட்களை வைத்து, இந்த மண்ணில் சுட்ட செங்கல்லால் எழுப்பினார். உள்ளே உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த நகரத்துக்கு டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1840இல் அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது லண்டன் மிஷன் சங்கம். 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் எங்கள் மைலாடிக்கு வந்ததும், 1838இல் நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கியதும் அதே சங்கத்தின் வழியாகத்தான். என் ஆச்சிக்குக் கண்புரை எடுத்தது நெய்யூரில். ஒரே கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாய்க்காலாகப் பிரிந்து ஓடிய மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டாம் நாள், வெள்ளி. பலோம்பே போகும் வழி

காலையில் பெட்ரோல் பங்க்கில் வரிசை. இரண்டு மணி நேரம் நின்ற பிறகுதான் டீசல் கிடைத்தது. எரிபொருள் தட்டுப்பாடு இங்கே அடிக்கடி வருமாம், ஓட்டுநர் அண்ணன் முகத்தில் சலிப்பே இல்லை.

சிராட்சுலு வழியாகப் போனோம். இங்கேதான் ஜான் சிலெம்ப்வே என்ற கறுப்பினப் போதகர் 1900 வாக்கில் தன் மிஷனைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்கள் நடத்தினார், பெரிய செங்கல் ஆலயம் கட்டினார். பக்கத்தில் வெள்ளைக்காரர் தோட்டம் ஒன்று. அதன் நிலத்தில் குடியிருந்தவர்கள் வாடகைக்குப் பதிலாக மாடாய் உழைக்க வேண்டும். தங்காத்தா என்று அதற்குப் பெயர். அந்தத் தோட்டம் லிவிங்ஸ்டன் மகளின் குடும்பத்துக்குச் சொந்தமானது. 1915 ஜனவரியில் சிலெம்ப்வே கலகம் செய்தார். சில நாட்களில் சுட்டுக் கொன்றார்கள், அவர் கட்டிய ஆலயத்தையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஓட்டுநர் அண்ணன் 500 குவாச்சா நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் இருப்பது சிலெம்ப்வே முகம்.

வேதப்புத்தகத்தோடு வந்தவர்களின் சொந்தத்தில்தான் அந்தத் தோட்டமும் இருந்தது. அதே வேதப்புத்தகத்தைக் கையில் பிடித்துத்தான் இவரும் எதிர்த்து நின்றார். ஊழியம் என்று கிளம்பி வந்திருக்கிற எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். போதகர் ஐயா வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு நிமிடம் ஜெபித்தார்.

அப்புறம் மலை கண்ணில் பட்டது. சமவெளியிலிருந்து சட்டென்று சுவர் எழுப்பிய மாதிரி நிற்கிறது முலாஞ்சே. உச்சிக்குச் சபித்வா என்று பெயர், உயரம் 3,002 மீட்டர். மலைமுகத்தில் நகம் கிழித்தது போலச் செம்மண் கோடுகள் தெரிந்தன. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்தபோது சரிந்த இடங்கள். நாட்டின் தெற்கில் நூற்றுக்கணக்கானவர்களை அது கொண்டுபோயிற்று, பாறையும் சேறும் வீடுகள் மேல் வந்து விழுந்தன. மலைக்கு அடியில் நபோலோ என்ற பெரிய பாம்பு இருக்கிறது, அது இடம் பெயரும்போதுதான் மலை சரிகிறது என்று பெரியவர்கள் சொல்வார்களாம். 1991இல் பலோம்பேயை அழித்த வெள்ளத்துக்கும் நபோலோ என்றே பெயர். 2004 டிசம்பரில் குளச்சல் கரையைப் பார்த்தவள் நான். வீட்டையும் பிள்ளையையும் அடித்துக்கொண்டு போனதற்கு ஒரு பெயர் இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசவாவது முடியும்.

மூன்றாம் நாள், சனி. கிராமத்தில்

இன்று ஆஸ்பத்திரிக்காரர்களோடு கிராமத்துக்குப் போனோம், யாருக்கெல்லாம் புரை இருக்கிறது என்று பார்த்து டோக்கன் கொடுக்க. எழுத நிறைய இருக்கிறது.

இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் முற்றத்துக்கு வெளியே நின்று "ஓடி!" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "ஓடினி" என்று பதில் வந்த பிறகுதான் காலெடுத்து வைக்கலாம். முதல் தடவை கேட்டபோது யாரையோ ஓடச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே போனதும் பாய் விரிப்பார்கள். உட்கார்ந்த பிறகு நலம் விசாரிப்பு. "முலி ப்வாஞ்சி?" எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன், நீங்கள்? நானும்தான், நன்றி. இதை அங்கே இருக்கிற ஒவ்வொருவரிடமும், கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணிடமும் தனித்தனியாகச் சொல்லி முடித்த பிறகே வந்த காரியம். டோக்கன் புத்தகத்தோடு நேராக ஆரம்பிக்கப் போன என்னை, எங்களோடு வந்த இந்த ஊர் நர்ஸ் தங்கச்சி மெதுவாகக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கால் இடறினால் பக்கத்தில் இருப்பவர் "பெபானி" என்கிறார். தவறு அவர் மேல் இல்லாவிட்டாலும் மன்னிப்புக் கேட்கிற சொல், ஆறுதலும் அதுதான்.

மக்காச்சோள அறுவடை முடிந்துவிட்டது. காய்ந்த தட்டைகளுக்கு நடுவே ஆளுயரத்துக்கு ஒரு செடி பச்சையாக நின்றது. கிட்டே போய்க் காயைப் பிதுக்கிப் பார்த்தேன். துவரை! நம் சாம்பாருக்குப் போடுகிற அதே துவரை. இவர்கள் நந்தோலோ என்கிறார்கள். மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராக விதைத்து, சோளம் ஒடித்த பிறகு ஜூலை, ஆகஸ்டில் இதைப் பறிக்கிறார்கள். வருடம் 50,000 டன் வரை மலாவித் துவரை வாங்குவதாக 2021இல் இந்திய அரசு ஒப்பந்தம் போட்டது. இத்தனை வருடம் நான் ஊறவைத்த பருப்பில் இந்தக் கைகள் பறித்ததும் கொஞ்சம் இருந்திருக்கும். வீட்டுக்காரம்மா ஒரு சின்னப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லக்கூடாதாம்.

நிலமும் வீடும் அந்த அம்மாவுடையது. இங்கே லோம்வே மக்கள் தாய்வழி. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் ஊருக்கு வந்து குடியேறுகிறார், நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மருமக்கள் வழி பற்றிக் கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரிக்கு இது புதிதில்லை. ஆனால் சொத்து பெண் பேரில் இருந்தாலும் பாடு குறையவில்லை. தண்ணீர்க் குழாய்க்குக் காலை நாலு மணிக்கே வாளி வரிசை, விறகு, மாவு மில்லுக்குத் தலைச்சுமை, முதுகில் சிதெஞ்சேத் துணியில் கட்டிய பிள்ளை. தட்டு வைக்கும்போது முழந்தாளிட்டு வைத்தார் அந்த அம்மா. மரியாதை என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, நானும் தரையில் இறங்கி முழந்தாளிட்டு வாங்கினேன். அவர் கலகலவென்று சிரித்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சிறுமி செம்பும் கிண்ணமும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினாள். ந்சிமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. ம்திக்கோ என்ற மரத்துடுப்பால் இரண்டு கையும் வலிக்கக் கிண்டுகிறார்கள். நம் கேப்பைக் களி கிண்டுகிற அதே தோள் அசைவு. வலது கையில் கொஞ்சம் எடுத்து உருட்டி, பெருவிரலால் குழித்து, நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்த பூசணி இலையைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். நான் இரண்டாம் முறை வாங்கினேன், ஆசையாகத்தான். காலையில் கட்டஞ்சாயாவோடு அவித்த மரச்சீனிக் கிழங்கு கொடுத்தபோதே எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு முதியவர் எங்களைப் பார்த்து "அம்வென்யே" என்றார். இந்தியர்கள் என்று அர்த்தம். சின்ன வயதில் பக்கத்துக் கடைத்தெருவில் குஜராத்தி ஒருவரிடம் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கியதைச் சொன்னார். 1970களில் அப்போதைய அதிபர் பண்டாவின் அரசு இந்திய வியாபாரிகளைக் கிராமங்களிலிருந்து பெரிய நகரங்களுக்குப் போகச் சொல்லிவிட்டது. அந்தக் கடைக்காரர் போனபின் தான் பார்க்கிற முதல் இந்தியர்கள் நாங்கள்தான் என்றார். பார்க்கிற என்று அவர் சொன்னாலும், இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

கடைசி வீட்டுக்குப் போகும்போது ஒற்றையடிப் பாதையில் எதிரே இருவர் வந்தார்கள். முன்னால் பத்து வயசுப் பையன், பின்னால் ஒரு பாட்டி. இருவருக்கும் நடுவில் ஒரு மூங்கில் கம்பு. ஒரு முனை அவன் கையில், மறுமுனை பாட்டி கையில். கம்பின் இரண்டு முனையும் கைபட்டுக் கைபட்டு எண்ணெய் தேய்த்தது போல வழுவழுப்பாக இருந்தது. நடுப்பகுதி மட்டும் சொரசொரப்பு. எத்தனை வருடம் என்று கேட்டோம். மூன்று மழைக்காலம் என்றாள் பாட்டி. பையன் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பு? இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். மலாவியில் 1994இலிருந்தே தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பாட்டியைக் காட்டுக்கும் குழாய்க்கும் ஆலயத்துக்கும் யார் கூட்டிப்போவது? அம்மா தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறாள்.

22 வருடமாக நான் நோயாளிச் சீட்டில் ஒரு பெயர்தான் எழுதுகிறேன். இரண்டு பெயர் எழுத வேண்டும் என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

நான்காம் நாள், ஞாயிறு

ஆராதனை மூன்று மணி நேரம். நேரம் போனதே தெரியவில்லை. வாத்தியம் கிடையாது, நான்கு குரல்களில் பாடுகிறார்கள், செங்கல் சுவர் அதிர்கிறது. ராகங்களில் இரண்டு எங்கள் கீர்த்தனைப் பாமாலைப் புத்தகத்தில் உள்ளவைதான். அவர்கள் சிச்சேவாவில் பாட, நாங்கள் தமிழில் சேர்ந்துகொண்டோம். காணிக்கைக்கு ஊர் ஊராக வரிசையில் ஆடிக்கொண்டு வந்து போடுகிறார்கள். காசில்லாதவர் மக்காச்சோளம் கொண்டுவந்தார், ஒரு பெண் கோழி கொண்டுவந்தாள். நாளைய முகாமுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தச் சபை எந்த மதம் என்று கேட்கமாட்டோம் என்று போதகர் ஐயா இரண்டு தடவை சொல்லச் சொன்னார், மொழிபெயர்த்தார்கள்.

ஐந்தாம் நாள், திங்கள். பரிசோதனை

விடியும் முன்பே ஆஸ்பத்திரி முற்றம் நிறைந்துவிட்டது. சிப்பெரோனி சாரல். சிதெஞ்சேயைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிள் டாக்சியில் வந்தவர்கள் அதிகம். கபாசா என்று பெயர், பின் கேரியரில் மெத்தை தைத்த இருக்கை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன நோட்டு. ஹெல்த் பாஸ்போர்ட் என்கிறார்கள். வியாதி, மருந்து எல்லாம் அதில் இருக்கும், நோயாளியே பத்திரமாக வைத்துக்கொள்கிறார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்புத் துணியில் முடிந்து வைத்திருந்த நோட்டுகளை அவிழ்க்கவே நேரம் பிடித்தது.

எழுத்து வாசிக்காதவர்களுக்கு E என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைத் திருப்பித் திருப்பிப் போட்ட அட்டை. அதன் பற்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். முஸ்லிம் தாத்தா ஒருவர் கடைசி வரி வரை சரியாகக் காட்டிவிட்டுப் பெருமையோடு பார்த்தார். அவருக்குக் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி மட்டும் போதும். நம் பாட்டிக்கு அட்டையே தெரியவில்லை, முகத்துக்கு நேரே டார்ச் அடித்தால் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொன்னாள். அது நல்ல அறிகுறி. நாளைக்கு முதல் பட்டியலில் பெயர் போட்டேன்.

நேற்றுவரை சந்தோஷமாகவே எழுதினேன். இன்று ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு பெரியவர், அறுபது வயது இருக்கும், முந்தின நாளே கிளம்பி மகன் சைக்கிளில் வந்திருந்தார். புரை இல்லை, கண் நீர் அழுத்தம். நரம்பு முழுக்கச் செத்துவிட்டது. டார்ச்சை எந்தப் பக்கம் அடித்தாலும் இருட்டு என்றார். பெரிய டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். ஐந்து வருடம் முன்னால் தினம் ஒரு சொட்டு மருந்து கிடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அதை அவரிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். நர்ஸ் தங்கச்சி மொழிபெயர்த்தாள், குரல் தழுதழுத்தது. பெரியவர் கொஞ்ச நேரம் தலைகுனிந்து இருந்துவிட்டு, இரண்டு கைகளையும் மெல்லத் தட்டி "ஸிகோமோ" என்றார். நன்றி என்று அர்த்தம். எதற்கு நன்றி? மகன் சைக்கிளைத் திருப்பி, அப்பாவைப் பின்னால் ஏற்றி, அவர் கைகளைத் தன் இடுப்பில் சுற்றிவிட்டுச் சாரலில் போனான். எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

கண்நோய்க்கு எதிராக இந்த நாடு சும்மா இருக்கவில்லை. ட்ரகோமா கண்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதபடி ஒழித்துவிட்டதாக 2022இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் முதல் நாடு மலாவிதான். கிராமம் கிராமமாகப் போய்ச் செய்திருக்கிறார்கள். அந்த உழைப்பு கண் நீர் அழுத்தத்துக்கும் வரவேண்டும். வருடத்துக்கு ஒரு முறை வந்துபோகிற எங்களைப் போன்றவர்களால் அது ஆகாது, மாதம் தவறாமல் மருந்து கிடைக்க வேண்டும்.

ஆறாம் நாள், செவ்வாய். அறுவை

எங்கள் டாக்டர்கள் இரண்டு பேரோடு இந்த ஊர் கண் மருத்துவ அலுவலர் ஒருவரும் அறுவை செய்தார். கண் டாக்டர்கள் மிகக் குறைவான நாடு என்பதால், எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களுக்கும் தனிப் பயிற்சி கொடுத்துப் புரை அறுவைக்குத் தயார் செய்கிறார்கள். அவர் கை ஓட்டத்தைப் பார்த்துப் பெரிய டாக்டரே நின்றுவிட்டார். தையல் போடாத சிறு துளை அறுவை, ஒரு கண்ணுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் பிடிக்க நாலு நிமிடம். மேசையில் இருந்தது நம் பாட்டி, புரையை எடுத்தாகிவிட்டது, லென்ஸ் இன்னும் வைக்கவில்லை. "டார்ச்" என்றார் டாக்டர், சத்தம் உயராமல். நானும் தங்கச்சியும் இரண்டு பக்கமும் பிடித்தோம். கை நடுங்கக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். துணிக்கு அடியிலிருந்து பாட்டி ஏதோ கேட்டாள். "ஏன் எல்லோரும் பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேட்கிறாள்" என்றாள் தங்கச்சி. விளக்கு வந்ததும் லென்ஸ் பூப்போல உள்ளே உட்கார்ந்தது. ஸ்தோத்திரம்.

ராத்திரி வார்டுக்குப் பின்னால் போனேன். வரிசையாக அடுப்புகள். நோயாளிக்குச் சமைக்கவும் துவைக்கவும் கூட வந்து தங்குகிறவரைக் கார்டியன் என்கிறார்கள், அவர்களுக்கென்றே ஆஸ்பத்திரிக்குள் கொட்டகை இருக்கிறது. ஒருவர் பானையில் தண்ணீர் கொதித்தால் பக்கத்து அடுப்புக்காரர் மாவு போடுகிறார், உப்பு கைமாறுகிறது. அந்தக் கூட்டத்தில் கார்டியனாக உட்கார்ந்திருந்த பத்து வயசுப் பையன், தன் அளவுக்குப் பெரிதான ம்திக்கோவைப் பிடித்துப் பாட்டிக்கு ந்சிமா கிண்டிக்கொண்டிருந்தான். கட்டி தட்டாமல் கிண்டினான். பக்கத்தில் கம்பு சாய்த்து வைத்திருந்தது.

ஏழாம் நாள், புதன். கட்டுப் பிரிப்பு

காலை ஏழு மணிக்குத் திண்ணையில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தோம். நான் பஞ்சை நனைத்துக் கட்டைப் பிரித்து, இமையைத் துடைத்து, "இப்போது திறங்கள்" என்று சொல்லக் கற்றுவைத்திருந்த சிச்சேவா வார்த்தையைச் சொல்வேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. ஒருவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துவரைக் காட்டில் எங்களை அம்வென்யே என்ற தாத்தா என் முகத்தையே பார்த்து, "குரல் பெரிதாக இருந்தது, ஆள் சின்னவளாக இருக்கிறாயே" என்றார்.

பாட்டி கண்ணைத் திறந்து சிமிட்டினாள். நீர் வழிந்தது. முதலில் என் நீல உடுப்பு, அப்புறம் முற்றம், அப்புறம் மலை. அன்று சாரல் விலகி முலாஞ்சே முழுசாகத் தெரிந்தது. அதன் பிறகு பக்கத்தில் நின்ற பையனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். "ம்வானா வங்கா" என்றாள். எங்கள் ஊர்ப் பாட்டிமார் "மக்ளே" என்பார்களே, அதேதான். அப்புறம் அவன் சட்டைத் தோளில் விரலை விட்டுப் பார்த்து ஏதோ கடுகடுவென்று பேசினாள். தங்கச்சி சிரிப்பும் அழுகையுமாக மொழிபெயர்த்தாள்: "இந்தக் கிழிசலோடயா என்னை ஊர் ஊரா கூட்டிட்டுப் போன? யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

சொட்டு மருந்து எப்படி விடுவது என்று பையனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாட்டி குறுக்கிட்டுப் புட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். ஹெல்த் பாஸ்போர்ட்டில் தேதி எழுதிக் கொடுத்தேன், அதையும் அவளே வாங்கி இடுப்பில் முடிந்தாள். பக்கத்து ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று தங்கச்சி சொல்ல, பாட்டி தலையாட்டினாள்.

கிளம்பும்போது பையன் பழக்கத்தில் கம்பின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையைப் பிடித்திருந்த பாட்டி ஒரு இழுப்பில் கம்பை வாங்கித் தரையில் ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். வெறுங்கையோடு ஒரு நிமிடம் நின்றவன், ஜெனரேட்டரைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அதன் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கேட் வரை போய்விட்ட பாட்டி திரும்பிப் பார்த்தாள். அவன் எங்கே நிற்கிறான் என்று அங்கிருந்தே தெரிந்தது அவளுக்கு.

"தியே!" என்று அதட்டினாள். வா போகலாம்.

பையன் எழுந்து ஓடினான்.